பதிவுத்துறையின் இலவச வில்லங்கம்: வீடு வாங்குபவருக்கு எதுவரை துணை வரும்?

"வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு சார், க்ளீனா இருக்கு." வீடு காட்டக் கூட்டிப்போகும் தரகர் படியேறும்போதே இதைச் சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. எந்தப் புல எண்ணுக்கு (சர்வே எண்), எந்த வருஷத்திலிருந்து, எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டுப் பார்த்தார் என்று கேட்டால்தான் அந்த 'க்ளீனு'க்கு என்ன பொருள் என்று தெரியும். அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்தபடி நீங்களே பார்த்துவிடலாம். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளம், எல்லோரும் டிஎன்ரெஜிநெட் என்று சொல்வது, 2018 பிப்ரவரியில் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. வில்லங்க விவரத்தை, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியலை, திரையில் பார்க்கவும் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளவும் கட்டணம் கிடையாது.

இந்த விமர்சனம் முக்கியமாக அந்த ஒரு சேவையைப் பற்றியது. பட்டா தளமும், கட்டுநர்களின் திட்டங்களைப் பதிவுசெய்யும் ரெரா ஆணையத்தின் தளமும் பக்கத் துணையாக வரும், ஏனென்றால் வில்லங்கத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பாதிப் படம்தான் தெரியும். மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வேண்டாத வீட்டைக் கழித்துக்கட்ட இதைவிட நல்ல கருவி இல்லை. பிடித்த வீட்டை 'தாராளமாக வாங்கலாம்' என்று உறுதிசெய்துகொள்ள இது போதாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வக்கீலைத் தேடுகிறார்கள்.

என்ன எண் போடுகிறீர்கள்?

'மின்னணு சேவைகள்' பட்டியலில் வில்லங்கச் சான்று, அதற்குள் விவரம் பார்வையிடுதல். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தொடக்க நாள், முடிவு நாள், கிராமம், புல எண், உட்பிரிவு எண் என்று கேட்கும். தமிழிலேயே முழுதும் செய்யலாம். இதுவரை எளிது. தேடல் சொத்தை வைத்துத்தான், பெயரை வைத்து இல்லை. அதனால் எண்ணில் ஒரு எழுத்து பிசகினாலும் தளம் 'பதிவு எதுவும் இல்லை' என்றுதான் சொல்லும். எண் தப்பு என்று சொல்லாது. வெறுமையாக வரும் விடை நல்ல சேதியாகத் தோன்றுவதுதான் இந்தச் சேவையின் பெரிய ஆபத்து. முப்பது வருஷம் பழைய வீட்டுக்கு ஒரு பதிவுகூட வரவில்லை என்றால், சந்தோஷப்படுவதற்கு முன் எண்ணைச் சந்தேகப்படுங்கள்.

புல எண் காலப்போக்கில் உடையும். இன்று 145/2ஏ1 என்று இருக்கும் மனை, பத்து வருஷத்துக்கு முன் 145/2ஏ ஆகவும், அதற்கு முன் 145/2 ஆகவும் இருந்திருக்கும். அப்போது பதிந்த அடமானமும் கிரய ஒப்பந்தமும் பழைய எண்ணின் கீழேயே கிடக்கும். 145/2ஏ1 என்று மட்டும் போட்டால் உட்பிரிவு ஆன பிறகு நடந்ததுதான் வரும். ஆகவே தாய் எண், இடைப்பட்ட எண், இப்போதைய எண் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேட வேண்டும். நகரப்பகுதியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. நகர நில அளவை நடந்த இடங்களில் வார்டு, பிளாக், டி.எஸ். (நகர அளவை) எண் என்று புதிய எண் வந்திருக்கும். பழைய பத்திரங்கள் எஸ்.எஃப். (பழைய புல) எண்ணிலும் புதியவை டி.எஸ். எண்ணிலும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாகப் போடாமல் விட்டால் ஒரு பாதி காணாமல் போகும்.

எண் சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்குத் தளத்திலேயே ஒரு குறுக்குவழி இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை. 'ஆவணம் வாரியாக' என்ற தேர்வு. விற்பவரின் கிரயப் பத்திரத்தில் ஆவண எண்ணும் ஆண்டும் இருக்கும். அலுவலகத்தைத் தேர்ந்து அதைப் போட்டுத் தேடினால், அந்த ஆவணத்தைப் பதிவுத்துறை எந்தக் கிராமம், எந்தப் புல எண்ணின் கீழ் அட்டவணைப்படுத்தியிருக்கிறது என்று அப்படியே வந்துவிடும். பத்திரத்தில் இருக்கும் எண்ணும் அட்டவணையில் ஏறிய எண்ணும் வேறாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். முதலில் ஆவணத்தைத் தேடி, அதில் கிடைத்த எண்களை வைத்துச் சொத்தைத் தேடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சார்பதிவாளர் அலுவலகமும் மாறியிருக்கலாம். புறநகரங்களில் ஒரு பெரிய அலுவலகத்தின் எல்லையைப் பிரித்துப் புதிது திறந்திருப்பார்கள். பிரித்த தேதிக்கு முந்தைய பதிவுகளுக்குத் தாய் அலுவலகத்தையும் தனியாகப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. பத்திரத்தின் முதல் பக்க முத்திரையில் எந்த அலுவலகம் என்று இருக்கும், அதை நம்புங்கள்.

தொடக்க நாள் எது? அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்ததும் எந்தத் தேதியிலிருந்து கணினியில் இருக்கிறது என்று தளமே காட்டும். பெரும்பாலும் 1975. அதற்கு முந்தையது வேண்டுமானால் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கையால் தேடிக் கொடுக்கும் 'மேனுவல்' வில்லங்கம்தான். ஒரு காலத்தில் 13 வருஷ வில்லங்கம் போதும் என்பார்கள். நெடுநாள் அனுபவித்தே நிலத்துக்கு உரிமை கோரும் அனுபவ பாத்தியத்துக்கான காலவரம்பு 12 வருஷம் என்பதால் வந்த கணக்கு அது. ஆனால் அடமானத்தை மீட்க 30 வருஷ அவகாசம் உண்டு. அரசு தன் நிலத்தைக் கேட்டு வழக்குப் போடவும் 30 வருஷம். வங்கி வக்கீல்கள் 30 வருஷம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. பார்க்கக் காசில்லை என்னும்போது 1975-இலிருந்தே பார்த்துவிடுவதில் என்ன நஷ்டம்?

ஒரு பதிவை எப்படிப் படிப்பது?

இறக்கிய பிடிஎஃப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கட்டம். மேல் வரிசையில் ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிக்கொடுத்த நாள், தாக்கல் நாள், பதிவு நாள் என்று மூன்று தேதிகள், தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், தொகுதி எண், பக்க எண். அடுத்து கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண். அதற்குக் கீழே ஆவணக் குறிப்புகளும் அட்டவணை விவரமும். அட்டவணையில் சொத்தின் விஸ்தீரணம், புல எண், நான்கு எல்லைகள்.

எல்லோரும் தன்மையையும் பெயர்களையும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது 'முந்தைய ஆவண எண்'. கடைசிக் கிரயத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு முந்தைய ஆவணத்தையும் தேடிப்போனால் சங்கிலி அறுபடாமல் போக வேண்டும். நடுவில் ஒருவர் திடீரென்று உரிமையாளராக முளைத்தால், அவருக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு விற்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். 'அப்பா சொத்து' என்ற பதில் வந்தால் வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, எல்லா வாரிசுகளின் கையெழுத்து என்று வேலை தொடங்குகிறது. பூர்வீகச் சொத்து, அண்ணன் தம்பிகள் மட்டும் பாகம் பிரித்துக்கொண்டார்கள், வீட்டில் பெண்களும் இருக்கிறார்கள் என்றால் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டமானது, நாடு முழுக்க 2005-இல். அந்தப் பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தால் அதுவும் வில்லங்கத்தில் ஒரு பதிவாக வந்திருக்க வேண்டும்.

தன்மையில் 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று வந்தால் வங்கிக் கடன். அதற்குப் பின்னால் 'இரசீது' என்று ஒரு பதிவு வந்து, அதன் குறிப்பில் அதே ஒப்படைப்பு ஆவணத்தின் எண் இருந்தால் கடன் முடிந்தது. கடனைக் கட்டி முடித்து அசல் பத்திரத்தை வாங்கிக்கொண்டு, இரசீதைப் பதியாமலே விட்டவர்கள் ஏராளம். விற்பவர் வங்கியின் 'நிலுவை இல்லை' கடிதத்தைக் காட்டுவார். அது கடிதம்தான். இரசீது பதிந்து வில்லங்கத்தில் ஏறும்வரை கிரயத்துக்கு நாள் குறிக்காதீர்கள், உங்கள் வங்கியும் அதைத்தான் கேட்கும். இதேபோல் 'கிரைய உடன்படிக்கை' ஒன்று நின்றுகொண்டிருந்தால் அதை ரத்து செய்த ஆவணமும் இருக்க வேண்டும். காலம் முடிந்த பழைய உடன்படிக்கைதானே என்று விற்பவர் சொன்னாலும், நிறைவேற்றக் கோரி வழக்கு நடந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது.

அடுக்குமாடி வீடு வாங்குபவர்கள் இதே பிடிஎஃப்பில் இன்னொன்று செய்யலாம். இது பத்து நிமிட வேலை, கால்குலேட்டர் போதும். கட்டடம் நிற்கும் மனை 4,800 சதுர அடி, அதாவது இரண்டு கிரவுண்டு என்று வையுங்கள். அந்த மனையில் பதிந்த ஒவ்வொரு வீட்டுக் கிரயத்திலும் பிரிபடாத பாகம் (அந்த வீட்டுக்குரிய நிலப் பங்கு) எத்தனை சதுர அடி என்று விஸ்தீரணத்தில் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டுங்கள். எட்டு வீட்டில் ஏழு ஏற்கெனவே விற்று, கூட்டுத்தொகை 4,550 வருகிறது என்றால் உங்களுக்கு மிச்சம் 250தான். கட்டுநர் 600 தருகிறேன் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் இல்லாத நிலத்தை விற்கிறார். சாலைக்காகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த நிலமும் கழிய வேண்டும், அதுவும் இதே பட்டியலில் தானமாக வந்திருக்கும். இந்தக் கூட்டலை வாங்குபவர்கள் செய்து பார்ப்பது அபூர்வம்.

எது வராது, ஏன் வராது

பதிவு அலுவலகத்தில் ஆவணங்கள் வெவ்வேறு புத்தகங்களில் ஏறுகின்றன. அசையாச் சொத்து 1-ஆம் புத்தகம், உயில் 3-ஆம் புத்தகம், சொத்தை நேரடியாகக் கைமாற்றாத இதர ஆவணங்கள் 4-ஆம் புத்தகம். வில்லங்கம் என்பது 1-ஆம் புத்தகத்தின் அட்டவணையிலிருந்து எடுப்பது. ஆகவே உயில் பதிவே செய்திருந்தாலும் அதில் தெரியாது. பழைய பவர் பத்திரங்கள் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுப்பவை) 4-ஆம் புத்தகத்தில் இருந்தால் அவையும் தெரியாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தம், அசையாச் சொத்துக்கான பவர், அசல் பத்திர ஒப்படைப்பு ஆகியவை கட்டாயப் பதிவுக்குள் வந்துவிட்டன. அதனால் அதற்குப் பிந்தைய வில்லங்கம் ஓரளவு நிறைவாக இருக்கும். அதற்கு முந்தையதில் ஓட்டைகள் உண்டு. பத்திரம் பதியாமல் வெறும் ஒப்படைப்பாக வைத்த பழைய வங்கிக் கடன் இருக்கலாம் என்று தோன்றினால், 2011-இல் தொடங்கிய செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தில் சொத்தை வைத்துத் தேடலாம். கட்டணம் சொற்பம்.

நீதிமன்ற வழக்கு வில்லங்கத்தில் வராது. ஜப்தி உத்தரவு பதிவு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டால் வரும், வெறுமனே வழக்கு நடப்பது வராது. நீதிமன்ற வழக்குகளைத் தேடும் ஈகோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரையும், அவருக்கு விற்றவர் பெயரையும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தைத் தேர்ந்து தேடிப் பாருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் போட வேண்டும்.

பவர் ஏஜென்ட் விற்றால் இரண்டு விஷயம். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு உயிர்வாழ் சான்று கேளுங்கள். பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று அந்தப் பவர் ஆவண எண்ணை வைத்துப் பாருங்கள். ஏஜென்ட் கிரயப் பத்திரம் எழுதிக்கொடுத்துப் பதிவது முறையானது. பவரையே விற்பனையாக எடுத்துக்கொள், கிரயம் பிறகு பார்க்கலாம் என்பது வேறு சங்கதி. அப்படிச் செய்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

பதிவுக்குத் தாக்கலாகி நிலுவையில் நிற்கும் ஆவணமும் இலவசப் பார்வையில் வராமல் போகலாம். நீங்கள் முன்பணம் கொடுத்த அன்று சுத்தமாக இருந்த வில்லங்கம், கிரயத் தேதியில் அப்படியே இருக்கும் என்று சட்டம் எதுவும் இல்லை. கிரயத்தன்று காலையில் மறுபடி ஒருமுறை போட வேண்டும். வங்கிக்கும் வக்கீலுக்கும் இலவசப் பிரதி ஆகாது, கட்டணம் கட்டி வாங்கும் டிஜிட்டல் கையெழுத்திட்ட சான்றுதான் கேட்பார்கள்.

பக்கத்திலேயே திறந்து வைக்க வேண்டிய தளங்கள்

'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற வருவாய்த்துறைத் தளத்தைப் பதிவுத்துறைத் தளத்தைவிட ஒரு படி மேலே வைப்போம். திருத்தமாகச் செய்திருக்கிறார்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), நகர நில ஆவணம் எல்லாம் ஒரே இடத்தில். பட்டாவில் பெயரைப் பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அ-பதிவேட்டைத் திறங்கள். ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), அரசு நிலமா, நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), நன்செயா, புன்செயா என்று அங்கேதான் இருக்கும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம், கோயில் நிலம் போன்றவற்றின் வாசனை முதலில் வீசுவதும் அங்கேதான். அரசுப் புறம்போக்கா என்று புல எண்ணைப் போட்டுச் சரிபார்க்கத் தனியாக ஒரு தேர்வும் வைத்திருக்கிறார்கள்.

புலப்படத்தை மனைக்கு எடுத்துக்கொண்டுபோய் நின்று பாருங்கள். மீட்டரில் அளவு போட்டிருக்கும். படத்தில் மனைக்குக் குறுக்கே வாய்க்காலோ வண்டிப்பாதையோ ஓடி, நேரில் அங்கே காம்பவுண்டு சுவர் நின்றால் வாங்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

பட்டா என்பது வருவாய்ப் பதிவு, உரிமைப் பத்திரம் இல்லை. 1979 முதல் 1987 வரை நடந்த, நில ஆவணங்களைப் புதுப்பிக்கும் யூடிஆர் திட்டத்தில் பெயரும் பரப்பும் பிசகிய பட்டாக்கள் இன்றும் நடமாடுகின்றன. பட்டாவில் 5 சென்ட், பத்திரத்தில் 5.5 சென்ட் என்றால் எது சரி என்பதை நில அளவர் அளந்துதான் சொல்ல முடியும், அதைச் செய்யவேண்டியது விற்பவர் பொறுப்பு. கூட்டுப்பட்டா என்றால் மற்றவர்களின் சம்மதமோ உட்பிரிவோ கிரயத்துக்கு முன்பே.

மனை என்றால் அங்கீகாரம். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகரப் பகுதி) அல்லது டிடிசிபி (மற்ற இடங்கள்) எண், அந்த எண்ணுக்கான வரைபடத்தில் உங்கள் மனை எண். அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்கு 2016 அக்டோபர் 20 என்று ஒரு கட்-ஆஃப் தேதி உண்டு. அதற்குப் பிறகு போட்ட அங்கீகாரமில்லாத லே-அவுட்டை 'ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்' என்று யாராவது சொன்னால் தேதியைக் கேளுங்கள்.

ரெரா தளத்தில் கட்டுநரின் திட்டம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் டிஎன் என்று தொடங்கி, மாவட்ட எண், பில்டிங் அல்லது லே-அவுட், வரிசை எண், ஆண்டு என்று போகும். அங்கே முடிக்கும் தேதியை மட்டும் குறித்துக்கொள்ளாமல், ஏற்றியிருக்கும் அனுமதி வரைபடத்தை இறக்கி, விற்பனை அலுவலகத்தில் கொடுத்த வழவழப்பான தாளோடு ஒப்பிடுங்கள். ஐந்தாவது மாடி அனுமதியிலேயே இல்லாத கட்டடத்தில் ஐந்தாவது மாடி விற்பனைக்கு வருவது உண்டு. பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்பது ரெரா சட்டம். கட்டுமானக் குறை ஐந்து வருஷத்துக்குள் வெளிப்பட்டால் செலவில்லாமல் சரிசெய்து தரவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்குள் இருந்தாலோ பதிவு தேவையில்லை. இரண்டு கிரவுண்டு 446 சதுர மீட்டர்தான். சென்னையின் பழைய குடியிருப்புகளில் தனி வீட்டை இடித்து எழும்பும் சிறிய அடுக்குமாடிகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குக் கீழேதான் வரும். 'ரெரா தேவையில்லை சார்' என்று கட்டுநர் சொன்னால் உண்மையாகவே இருக்கலாம். அப்போது உங்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதுதான் துணை.

பணம்: வழிகாட்டி மதிப்பிலிருந்து

பதிவுத்துறைத் தளத்தில் வழிகாட்டி மதிப்பு (நிலத்துக்கு அரசு நிர்ணயிக்கும் மதிப்பு), கட்டட மதிப்பு, முத்திரைத் தீர்வைக் கணக்கீடு மூன்றும் இலவசம். இவற்றை விலை பேசிய பிறகு திறப்பவர்கள்தான் அதிகம், திறக்க வேண்டியதோ பேசும் முன். தெரு வாரியாகவும் புல எண் வாரியாகவும் மதிப்பு வரும். புதிய மதிப்புகள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் வந்தன, ஆகவே பழைய பக்கத்து வீட்டுப் பத்திரத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

தனி வீடு, மனை, பழைய அடுக்குமாடி என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் 1 முதல் வேறு கணக்கு. நிலமும் கட்டடமும் சேர்த்த கூட்டு மதிப்பில் 50 லட்சம் வரை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கும் மேல் 7 சதவீதம், கூடவே பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பெண் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறையும் என்று பலரும் நம்பி வருகிறார்கள். அது 2025 ஏப்ரலில் வந்த சலுகை, 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்துக்கு மட்டும், அதுவும் பதிவுக் கட்டணத்தில் மட்டும்.

60 லட்சத்துக்கு ஒரு புதிய வீடு, கட்டடம் இன்னும் முடியவில்லை என்று வைத்துப் பார்ப்போம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. கடன் 48 லட்சம், கைப்பணம் 12 லட்சம். முத்திரையும் பதிவும் 7 சதவீதம், 4.2 லட்சம். இந்த விலைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 3 லட்சம். பதிவுச் செலவை வங்கி வீட்டு மதிப்பில் சேர்த்துக் கடன் தராது. ஆக 12 லட்சம் இருந்தால் போதும் என்று கிளம்பியவருக்கு உண்மையில் வேண்டியது 19.2 லட்சம், வக்கீல், வங்கியின் நடைமுறைக் கட்டணம், ஒப்படைப்புப் பத்திரச் செலவு எல்லாம் தனி. நிறைவுச் சான்று வாங்கிய கட்டடம் என்றால் அந்த 3 லட்சம் ஜிஎஸ்டி கிடையாது. கட்டி முடித்த வீட்டின் விலை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் இதைக் கழித்துப் பாருங்கள். தவணை? 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் லட்சத்துக்குச் சுமார் 868 ரூபாய், 48 லட்சத்துக்கு மாதம் 41,650 சொச்சம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து அரசுக்குக் கட்டவேண்டியது வாங்குபவர். விற்பவருக்குக் கொடுப்பதிலிருந்து கழிப்பது, உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் 50 லட்சம் வரம்பு பொருந்தாது, விகிதமும் அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் கிரயத்தில் உட்காராதீர்கள். முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். "பாதி பிளாக்ல குடுங்க" என்பவரிடம் கொடுத்த பாதிக்குக் கடனும் கிடைக்காது, ரசீதும் கிடைக்காது.

முன்பணம் கொடுக்கும் முன் இலவசமாகப் பார்க்கக்கூடிய அத்தனையையும் பார்த்துவிடலாம்: ஆவணம் வாரியாக ஒன்று, சொத்து வாரியாக எல்லா எண்ணுக்கும், பட்டா, அ-பதிவேடு, புலப்படம், ரெரா, வழிகாட்டி மதிப்பு. ஒரு சனிக்கிழமை பிற்பகல் போதும். இதில் தேறிய வீட்டின் நகல்களை மட்டும் வக்கீலிடம் கொண்டுபோனால் அவர் கருத்துரைக்கான கட்டணம் வீணாகாது. ஒப்பந்தத்தில் 'வக்கீல் கருத்துரை பாதகமாக வந்தாலோ வங்கிக் கடன் மறுத்தாலோ முன்பணம் முழுதும் இத்தனை நாளில் திரும்பும்' என்ற வரி இருக்கட்டும். அதை எழுதச் சம்மதிக்காத விற்பவருக்கு அவசரம் இருக்கிறது, அந்த அவசரத்தின் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிரயம் பதிந்த பிறகும் இந்தத் தளத்தை மூடிவிட வேண்டாம். சில நாள் கழித்து உங்கள் ஆவண எண்ணையே போட்டுப் பாருங்கள். பெயரின் எழுத்து, தகப்பனார் பெயர், புல எண், விஸ்தீரணம், நான்கு எல்லை எல்லாம் பத்திரத்தில் இருப்பதுபோலவே ஏறியிருக்கிறதா? உட்பிரிவு தேவையில்லாமல், விற்பவர் பெயரிலேயே பட்டாவும் இருந்தால் தானியங்கி முறையில் பெயர் மாறும், அதையும் வருவாய்த் தளத்தில் சரிபார்க்கலாம். உட்பிரிவு வேண்டுமானால் நில அளவர் வருகைக்குக் காத்திருக்க வேண்டும். பத்திரத்திலேயே பிழை இருந்தால் விற்றவரையும் கூட்டிக்கொண்டுபோய்ப் பிழைத்திருத்தல் ஆவணம் பதிய வேண்டும். பணம் வாங்கிய சூட்டில் இருக்கும்போது அவர் வருவார், ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டார்.